வேலிக்கு இந்தப் பக்கம்

வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், காரியம் முடிந்தது, பெட்டைப் பிள்ளை சொன்ன சொல்லில் நிற்கிறவள், போகமாட்டாள் என்று குகதாசன் காலையிலிருந்து தனக்குள் சொல்லிக்கொண்டே நின்றார். நின்ற இடம் நெவாடாப் பாலைவனத்தில் ஒரு விமானப்படைத் தளத்தின் கம்பிவேலி. கழுத்தில் தொங்கியது மகள் ஆரபி வாங்கித் தந்த புதுக் கமரா. லண்டனிலிருந்து இவ்வளவு தூரம் அவரைக் கூட்டி வந்ததும் அவள்தான், அப்பா ஆயுள் முழுக்க ஆசைப்பட்ட இடமல்லவா என்று. ஆசைப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்து ஒரு படம்கூட எடுக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுசன் உலகத்தில் தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று அவருக்குப் பட்டது. விடியப்புறம் விடுதியிலிருந்து காரில் வரும்போதுதான் அவள் அதைச் சொன்னாள். "அப்பா, நான் ஒண்டு சொல்லப் போறன். ரோட்டைப் பாத்துக்கொண்டு கேளுங்கோ, என்ர முகத்தைப் பாக்காதேங்கோ." சொன்னது இதுதான்: பிரித்தானிய விமானப்படையில் விமானிப் பயிற்சிக்கு அவளை எடுத்துவிட்டார்கள். சோதனை, நேர்முகம், கண் பார்வை, இதயத் துடிப்பு எல்லாம் முடிந்து ஆளைத் தெரிவுசெய்துவிட்டார்கள். அந்த நாட்களிலெல்லாம் சிநேகிதி வீடு, சிநேகிதி வீடு என்று போய்வந்தாள், இவரும் நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார். "இண்டைக்கு முடியிறதுக்குள்ள பதில் அனுப்பவேணும். லண்டன் நேரம். எண்டா இஞ்ச பின்னேரம். அம்மாட்ட நான் கேக்கேல்லை, அவ அழுவா. உங்களட்டத்தான் கேக்கிறன். நீங்கள் வேண்டாமெண்டா நான் போகேல்லை, சத்தியமா." குகதாசன் ரோட்டைப் பார்த்தார். ரோட்டில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. "யோசிச்சுச் சொல்லுறன்" என்றார், கடையில் சட்டை வாங்கப் போனவர் விலையைக் கேட்டுவிட்டுச் சொல்வதுமாதிரி. அவள் சிரித்தாள். அவள் சிரித்ததில் தெரிந்தது, அப்பா ஓம் என்றுதான் சொல்வார் என்று முழுசாக நம்பியிருக்கிறாள். ஏன் நம்பமாட்டாள்.

ஏன் நம்பமாட்டாள் என்பதில்தான் அவருடைய யோசனை போய் முட்டிக்கொண்டு நின்றது. ஐந்து வயதுப் பிள்ளையைத் தோளில் தூக்கிவைத்து விமானம் காட்டியது ஆர். லண்டனில், ஹவுன்ஸ்லோ வீட்டுக் கூரைக்கு மேலால் இறங்குகிற ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிக் கொடுத்தது ஆர். அ, ஆ எழுதப் பழக முதல் பிள்ளை இயந்திரச் சத்தத்தை வைத்து இது நாலு எஞ்சின், இது ரெண்டு எஞ்சின் என்று சொன்னது. வந்த விருந்தாளிகள் வாயைப் பிளந்தார்கள். மனைவி வசந்தமலர் மட்டும், "கோயிலுக்கு வாங்கோவெண்டா கால் நோகும், வேலியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதெண்டா விடிய நாலுமணிக்கு எழும்புவார், பிள்ளையையும் பழுதாக்குறார்" என்று தேத்தண்ணியை மேசையில் கொஞ்சம் பலமாக வைத்தாள். ஊர்ச் சங்கத்தில் அவருக்குப் பிளேன் தாசன் என்று பெயர். ஒன்றுகூடலில் யாராவது ஒருத்தன் அண்ணாந்து பார்த்துக் கையைக் காட்டி, "தாசண்ணை, உங்கட ஆள் போறார்" என்பான், எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். ஒருத்தனும் கேட்டதில்லை. ஊரில் சண்டைக் காலத்தில் விமானச் சத்தத்துக்கு ஓடி ஒளிந்த சனம் இது, இப்படி ஒருத்தன் காசு குடுத்து ரெயின் ஏறிப் போய் அதைப் பார்த்துவிட்டு வருகிறானே, இவனுக்கு என்ன வந்தது என்று ஒருத்தன் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்ல ஒரு பதில் தயாராக வைத்திருந்தார், நல்ல பதில், பாதி உண்மையும்கூட.

அந்தப் பதில் இப்படி: லண்டன் வந்த முதல் குளிர்காலத்தில் தபால் பிரிக்கிற இடத்தில் இரவு வேலை, பகலில் படுக்கை, படுத்த அறைக்கு மேலால் இரண்டு நிமிசத்துக்கு ஒன்று இறங்கும். ஒவ்வொன்றுக்கும் எழும்பி உட்காருவார். அது பயணிகள் விமானம், சூட்கேசும் பிள்ளைகுட்டிகளும் வருகிறதுகள் என்று மூளைக்குத் தெரியும், முதுகெலும்புக்குத் தெரியாது. அறையில் இருந்த மற்றப் பெடியங்களும் அப்படித்தான், ஆனால் ஒருத்தரும் சொல்லிக்கொள்ளமாட்டார்கள், எழும்பி உட்கார்ந்தவன் தண்ணீர் குடிப்பதுபோல நடிப்பான். பிறகு வேலையிடத்தில் டெரிக் என்ற வெள்ளைக்காரர் இவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை விமான நிலைய வேலியடிக்குக் கூட்டிப்போனார். இந்தப் பயணத்துக்கும் கூடவே வந்து, இதோ, இப்போதும் பக்கத்தில் மடக்குக் கதிரையில் இருக்கிறார், வேலையால் ஓய்வுபெற்று, தொப்பிக்குக் கீழே மூக்குக்கு மட்டும் வெள்ளைக் களிம்பு பூசிக்கொண்டு, தொடையில் வைத்த வானொலிப் பெட்டியில் விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசுவதைக் கேட்டபடி. அன்று வேலியடியில் டெரிக் விமானங்களின் பெயரைச் சொன்னார், வால் இலக்கத்தை வாசிக்கச் சொன்னார். பெயர் தெரிந்த நாய் குரைத்தால் பயம் குறைவு. அவ்வளவுதான் விஷயம் என்று குகதாசன் தனக்குச் சொல்லி வைத்திருந்தார், பயத்துக்கு மருந்து தேடிப் போனேன், அது பழகிவிட்டது என்று. பிள்ளையைக் கூட்டிப் போனதும் அதற்குத்தான், என்னைப்போல அவள் எழும்பி உட்காரக்கூடாது, எந்தச் சத்தத்துக்கும் குனியக்கூடாது. குனியவில்லைதான். பயமில்லாமல் வளர்த்தார், பயமில்லாமல் வளர்ந்தாள், வளர்ந்து விமானத்துக்குள் ஏறப்போகிறேன் என்கிறாள். நல்லாக வளர்த்தாய் தாசா என்று வேலியில் இருந்த சுடுகம்பியை விட்டுக் கையை உதறினார்.

டெரிக் கதிரையை விட்டு எழும்பினார். அவர் எழும்பினால் ஏதோ வருகிறது என்று அர்த்தம். விமானம் பார்க்க வந்து வேலியோரம் நின்ற பத்துப் பன்னிரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். இந்தக் கூட்டத்துக்கு எழுதாத சட்டங்கள் சில உண்டு. சூரியனை முதுகில் வைத்து நிற்கவேண்டும். மற்றவனின் கமராவுக்குக் குறுக்கே தலையை நீட்டக்கூடாது. விமானம் கடந்து போனபிறகு இலக்கத்தைச் சொல்லலாம், எந்தப் படைப்பிரிவு என்று சொல்லலாம், வேறொன்றும் சொல்லக்கூடாது. வடிவு, என்ன அழகு என்று ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். அதைச் சொன்னால் புதிசாக வந்தவன், வேடிக்கை பார்க்க வந்தவன் என்று ஆகிவிடும். நாலு விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுபாதையில் கிளம்பின. முதலில் நிலம் அதிர்ந்து சப்பாத்துக்குள் பாதம் கூசியது, பிறகு நெஞ்சுக்கூடு, கடைசியாகத்தான் காது. நாலும் மலையை நோக்கிப் போய்க் கரைந்தன. "முதலாவது, இருநூற்றுப் பதினொன்று" என்றார் டெரிக். மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஆரபி அப்பாவின் தோளுக்குப் பக்கத்தில் நின்று கிசுகிசுத்தாள்: "மூண்டாவது ஆள் கொஞ்சம் பிந்தித் தூக்கினவர், பாத்தீங்களோ." பார்த்தேன் என்று தலையாட்டினார். பார்க்கவில்லை. அவர் அவளுடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், வேர்வையில் ஒட்டிய சின்ன மயிர்களை. அங்கே தலைக்கவசத்தின் பட்டி வரும். அவருடைய சின்னக்காவுக்கும் அதே இடத்தில் இப்படித்தான் மயிர் சுருண்டு ஒட்டும்.

சின்னக்கா என்றதும் ஆடு வந்துவிடும். எப்போதும் அப்படித்தான், அக்காவை நினைத்தால் அவளுடைய முகம் வர முதல் ஆடு வந்துவிடும், முருங்கையில் கட்டியிருந்த வெள்ளாடு, ஒரு காதில் கறுப்பு. குண்டு போடுகிற பொம்மர் வருகிற சத்தம் கேட்டதும் வீட்டுச் சனம் பங்கருக்குள் இறங்கியது. பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பதுங்குகுழி, அப்பாவும் இவரும் வெட்டியது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு ஒன்று இருந்தது: முதல் வட்டம் பார்க்கிற வட்டம், இரண்டாவது வட்டம் போடுகிற வட்டம். முதல் வட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒரு சின்ன நேரம் கிடைக்கும், அதற்குள் சனம் விட்டதை எடுக்க ஓடும், அடுப்பில் இருப்பதை இறக்கும், கிழவனைத் தூக்கும். முதல் வட்டம்தானே என்று சின்னக்கா ஆட்டை அவிழ்க்க ஓடினாள். அம்மா கத்தினா. அக்கா, "இதோ வந்திட்டன்" என்றாள். அன்றைக்கு வந்தது முதல் வட்டத்திலேயே போட்டது. அவ்வளவுதான், யாருடைய பிழையும் இல்லை, கணக்குத்தான் பிழைத்தது. பள்ளிக்கூடப் பெடியன் குகதாசன் பங்கர் வாசலில் நெஞ்சளவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா காற்சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தா, அவன் வரவில்லை. அக்காவுக்காக நிற்கிறான் என்றுதான் அம்மா நினைத்தா, சாகும்வரை அப்படித்தான் சொன்னா, தம்பி உள்ளுக்கு வராமல் அக்காவைப் பாத்துக்கொண்டு நிண்டவன் என்று. அந்த இடத்தில் குகதாசனுடைய நினைப்பு ஒவ்வொரு முறையும் திரும்பி ஆட்டிடம் ஓடிவிடும். ஒரு காதில் கறுப்பு. ஆட்டுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

மத்தியானம் வெயில் ஏறிக் கானல் எழும்பியது. கானல் வந்தால் படம் எல்லாம் நெளிந்துபோகும், ஆட்கள் கார்களுக்குள் போய்க் குளிர்காற்றைப் போட்டுக்கொள்வார்கள். ஆரபி காரின் பின்கதவைத் திறந்து வைத்து, வசந்தமலர் கட்டித் தந்த மாசிக் கருவாட்டுச் சம்பலைப் பாண் துண்டில் பூசினாள். விமான நிலையத்தில் சுங்கக்காரன் இந்தப் போத்தலைத் தூக்கி மணந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துத் திருப்பித் தந்த கதையை மறுபடி சொல்லிச் சிரித்தாள். குகதாசன் ஒரு கடி கடித்தார், இறங்கவில்லை. "மேல இருந்து பாக்கேக்க கீழ ஆக்கள் தெரியுமோ" என்று கேட்டார். கேட்க நினைத்து வைத்திருந்த கேள்வி இல்லை அது, வாயில் வந்துவிட்டது. அவள் பாணைக் கீழே வைத்தாள். பொய் சொல்லியிருக்கலாம், சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பொய் சொல்ல வராது. சிநேகிதி வீட்டுப் பொய்க்கே இரண்டு மாதம் சரியாகச் சாப்பிடாமல் மெலிந்தாள். "வீடு தெரியும், ரோட்டுத் தெரியும், கார் ஓடுறது தெரியும். ஆக்கள் தெரியாதப்பா. பதிஞ்சு பறந்தா ஒருவேளை தெரியும்." கொஞ்சம் பொறுத்து, "நான் யோசிக்காமல் இல்லை. எல்லாரும் குண்டு போடப் போறேல்லை. மருந்து கொண்டுபோற பிளேனும் இருக்கு, வெள்ளத்தில ஆக்களைத் தூக்கிற ஹெலியும் இருக்கு. ஆனா எதில விடுவினமெண்டு நான் சொல்லேலாது" என்றாள். அதுதான் அவரைக் கொன்றது, அந்தக் கடைசி வசனம். வேறு பிள்ளை என்றால் மருந்தோடு நிறுத்தியிருக்கும். "நீங்கள் ஏனப்பா பிளேன் பாக்கத் தொடங்கினீங்கள்? ஒருநாளும் வடிவாச் சொன்னதில்லை." அவர் தயாராக இருந்த பதிலைச் சொன்னார், குளிர்காலம், இரவு வேலை, டெரிக், பெயர் தெரிந்த நாய். அவள் கேட்டுக்கொண்டு இருந்தாள். சின்னக்காவை அவளுக்குச் சுவரில் தொங்குகிற படமாகத் தெரியும், பிரச்சினைக்குள், சண்டைக் காலத்தில், செத்துப்போனவ என்று தெரியும். எப்படி என்று வீட்டில் ஒருத்தரும் சொல்லவில்லை, விமானம் பார்க்கிற மனுசனின் வீட்டில் அதை எப்படிச் சொல்வது.

பின்னேரம் சூரியன் மறுபக்கம் சாய்ந்ததும் கூட்டம் முழுக்கக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வேலியின் மேற்குப் பக்கத்துக்கு நகர்ந்தது. குகதாசனும் போனார், நடந்தது கால்தான், ஆள் வேறெங்கோ இருந்தார். சொல்லவேண்டியது ஒரு சொல். அதற்குக் காரணமும் கையில் இருக்கிறது, ஒருத்தரும் மறுத்துப் பேச முடியாத காரணம்: உன்ர மாமியை, என்ர அக்காவை, விமானம் கொன்றது, அதனால் நீ ஏறக்கூடாது. இதைச் சொன்னால் பெட்டை கண்ணீரோடு தலையாட்டுவாள், வசந்தமலர் கும்பிடுவாள், ஊர்ச் சங்கத்தில் தாசண்ணை தாசண்ணைதான் என்பார்கள். பிறகு ஏன் நாக்கு எழும்பவில்லை. ஏனென்றால் அது காரணம் இல்லை. அக்காவைக் கொன்றதுக்காக வேண்டாம் என்றால் அவர் முப்பது வருசம் வேலியில் நின்றிருக்கமாட்டார், அந்தச் சனியனைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார். பங்கர் வாசலில் நின்ற பெடியன் அக்காவைப் பார்க்கவில்லை. இதை இந்த மண்ணில், இந்தச் சுடுவெயிலில், ஊரிலிருந்து பதினைந்தாயிரம் கிலோமீற்றர் தள்ளி வந்து நின்றுதான் அவரால் தனக்கு முழுசாகச் சொல்ல முடிந்தது. பெடியன் பார்த்தது விமானத்தை. தென்னந்தோப்புக்கு மேலே அது ஒருபக்கமாகச் சரிந்து திரும்பியது, திரும்பும்போது அடிவயிற்றில் வெயில் பட்டு முழுக்க வெள்ளியாகியது, சத்தம் இன்னும் வந்து சேரவில்லை, வானத்தில் அது மட்டும், அவ்வளவு இலகுவாக, அவ்வளவு சுத்தமாக. அந்த வயதுக்குள் அவன் அப்படி ஒரு வடிவைப் பார்த்ததில்லை. முகம் தானாக விரிந்தது. பிறகு நிலம் தூக்கி அடித்தது. மண் அடங்கினபோது அந்தச் சிரிப்பு முகத்தில் இன்னும் இருந்ததோ இல்லையோ, அதுதான் அவருக்கு இன்றைக்கும் தெரியாது, அம்மா பார்த்திருப்பாவோ என்பதும் தெரியாது. வடிவு என்று ஒருத்தரும் வாய்திறக்காத ஒரு கூட்டத்தைத் தேடிப் பிடித்து அதற்குள் அவர் இத்தனை வருசம் ஒளிந்திருந்தார், இலக்கம் மட்டும் சொல்லிக்கொண்டு. வெட்கம் என்றால் அவருக்கு இதுதான், வேறு எந்த வெட்கமும் இதற்குப் பக்கத்தில் வராது. இப்போது அதே கண் பெட்டைக்கும் இருக்கிறது. விமானம் சரிந்து திரும்பும்போது அவளுடைய முகம் எப்படி விரியும் என்று அவருக்குத் தெரியும், ஐந்து வயதிலிருந்து தோளில் வைத்துப் பார்த்த முகம். ஆனால் பார்க்கிறவன் முகம் விரிந்தால் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகாது. மேலே இருக்கிறவளுக்கு அப்படி விரிந்தால்.

"நேரமாகுதப்பா" என்றாள் ஆரபி. அவசரப்படுத்தவில்லை, மெல்லத்தான் சொன்னாள். குகதாசன் கூட்டத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, பற்றைகளுக்குப் பக்கத்தில் போய் நின்று சொல்லத் தொடங்கினார். பங்கரைச் சொன்னார், முதல் வட்டத்தையும் இரண்டாவது வட்டத்தையும் சொன்னார், முருங்கையைச் சொன்னார், ஆட்டைச் சொன்னார், ஆட்டில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார், பிறகு சின்னக்காவைச் சொன்னார். பாதியில் நிறுத்தினார். நிறுத்தின இடம் அவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. "அதால வேண்டாம் பிள்ளை" என்றார். அவளுடைய கீழுதடு உள்ளே போனது. அழவில்லை. ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கேட்கவில்லை, எனக்கு விமானம் காட்டி வளர்த்துவிட்டு இப்போது சொல்கிறீர்களே என்று சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும். "சரியப்பா" என்றாள், கைபேசியை எடுத்தாள். "இப்பவே அனுப்பிப் போடுறன், இல்லாட்டி எனக்கு மனம் மாறிப்போகும்." கட்டைவிரலால் எழுதினாள். இரண்டு வரிதான் இருக்கும். எழுதிவிட்டு, அனுப்பாமல் திரையைப் பார்த்தபடி நின்றாள். ஒரு பிள்ளையின் ஆசையை முடிக்க இரண்டு வரி போதும் என்று குகதாசன் பார்த்துக்கொண்டிருந்தார். தான் சொன்னது சரியான பதில், சொன்ன காரணம் கள்ளக் காரணம், இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு இனி இவளோடு எப்படி ஒரு மேசையில் இருந்து சாப்பிடுவது என்று நினைத்தார்.

அப்போது டெரிக்கின் பக்கம் பேச்சு நின்றது. காலையிலிருந்து எல்லோரும் காத்திருந்த விமானம், மண்ணிறத்தில் பட்டை பட்டையாக நிறம் பூசியது, தனியாக மலைப்பக்கமிருந்து வந்தது. தளத்துக்கு மேலால் தாழப் பறந்து, வேலி முடிகிற இடத்தில் ஒருபக்கமாகச் சரிந்தது. சரிந்து திரும்பும்போது மாலை வெயில் முழுக்க அதன் அடியில் விழுந்தது. குகதாசன் அண்ணாந்து பார்த்தார். பார்க்கக்கூடாது என்று நினைக்க நேரம் கிடைக்கவில்லை, கழுத்துத் தானாக நிமிர்ந்தது. சத்தம் வந்தது, போனது. "நானூற்று ஏழு" என்றார் டெரிக், யாருக்கென்று இல்லாமல். குகதாசன் தலையைக் கீழே இறக்கினபோது ஆரபி விமானம் போன திசையைப் பார்க்கவில்லை. அவள் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா" என்றாள். "நீங்கள் சிரிக்கிறீங்கள்."

அவர் வாயைக் கையால் பொத்தினார். பொத்தி என்ன, அவள் பார்த்துவிட்டாள். அவளுடைய முகத்தில் கோபம் வரத் தொடங்கியது, நியாயமான கோபம், அழிந்துபோன ஒன்றுக்குக் கணக்குக் கேட்கிற கோபம். கையை எடுத்தார்.

"அண்டைக்கும் சிரிச்சனான்" என்றார். "அக்கா ஆட்டடியில. நான் அவளைப் பாக்கேல்லை, அதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். அவ்வளவு வடிவா இருந்தது பிள்ளை. உன்னை வேண்டாமெண்டது அதாலதான். மேல இருந்தா உனக்கும் வடிவாத்தான் இருக்கும்."

அவள் கைபேசியில் எழுதி வைத்திருந்த இரண்டு வரியையும் திரும்ப வாசித்தாள். அதற்குப் பிறகுதான், ஒரு எழுத்தும் மாற்றாமல், அனுப்பினாள்.